கரி தேய்த்த தாள்

மாதக் கடைசி ஞாயிறு,
கோட்டைச்சாமியின் வேனில் நாங்கள் ஏழு பேர்.
பெயரிலேயே கோட்டை இருப்பதால்
அவருக்கு மட்டும் சந்தா கிடையாது.
எங்கள் சங்கத்தின் ஒரே நகைச்சுவை அது.
உப்பூர் தாண்டும்போது யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஐஸ் கம்பெனிக் கணக்கர் செய்யது மீரான்
கேடயங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார்:
சிங்கம் நின்றால் என்ன அர்த்தம், நடந்தால் என்ன,
திரும்பிப் பார்த்தால் என்ன.
தாலுகா ஆபீஸ் ரொசாரிக்கு
லத்தீனில் நாலு வார்த்தை தெரியும்,
அதில் ஒன்று ஆமென்.
நான் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
ஆறு நாள் எலும்பு, ஏழாம் நாள் கல்.

காலையில் பார்த்த கோட்டைச் சுவரில்
ஒன்றரைச் சிங்கம் இருந்தது.
மீதி அரையைக் கருவேல வேர் தின்றிருந்தது.
யார் வீட்டுச் சிங்கமென்று தெரியவில்லை.
முறுக்கு தின்றோம்.
ஆடுகள் வாசல் வழியாக வந்து
சுவர் இருந்த வழியாகப் போயின.

மதியம், கடலோரத்து மாதா கோயில்.
பீடத்துக்கு முன் தரையோடு தரையாக ஒரு கல்லறைக் கல்.
எத்தனையோ வருஷத்து முழங்கால்கள்
அதிலிருந்த கேடயத்தைக்
கன்னம்போல் ஆக்கிவிட்டிருந்தன.
தாளை விரித்து
மூலைக்கொருவர் பாதத்தால் அழுத்திக்கொள்ள
கரிக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தேன்.
மெல்ல மேலே வந்தது:
ஒரு தலைக்கவசம், ஒரு கயிறு,
கயிற்றின் கீழ் நீளநீளமாய் மூன்று.
மீன் என்றார் மீரான்.
வேல் என்றார் ரொசாரி.
மீனென்றால் வால் எங்கே,
வேலென்றால் முனை எங்கே என்று
அரைமணி நேரம்
மாதாவே திரும்பிப் பார்க்கிற சத்தம்.
"செத்தவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்"
என்று கோட்டைச்சாமி சொன்னதை
மீரான் நோட்டில் எழுதவில்லை.

அப்போது இருதயமேரி வந்தாள்.
பெயரைப் பிறகுதான் கேட்டோம்.
மணலில் இழுத்து வந்த ஒரு பலகையை
வாசற்படியில் சாய்த்துவிட்டு
மூச்சு வாங்கச் சொன்னாள்:
"அழிஞ்ச எழுத்தெல்லாம் படிப்பீங்களாமே.
இதையும் பாருங்க."

வெள்ளிக்கிழமை கரை ஒதுங்கியதாம்.
பச்சைப் பெயின்ட், கொட்டலசு, உப்பு.
அதற்கும் அடியில்
உளியால் வெட்டிய படகு எண்.
அவள் வீட்டுக்காரர் போன படகு எண்பத்து மூன்றில் முடியும்.
எண்பத்து எட்டு,
போன ஐப்பசிப் புயலில்
ஆளில்லாமல் கயிறறுத்துக்கொண்டு போனது.

மீரான் நோட்டை மூடி
அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தார்.
ரொசாரி செருப்பு போடாமலே வெளியே வந்து
சுடுமணலில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டார்.
தேய்த்தேன்.
முதல் எட்டு சுலபமாக வந்தது,
இரண்டு வட்டமும் முழுசாக.
அடுத்ததில் வலப்பக்க வளைவு இரண்டும் தெரிந்தன.
இடப்பக்கம் கொட்டலசு பற்றிய தழும்பு.
மூடியிருந்ததா
திறந்திருந்ததா.

தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்.
கை பழகிய வேலை.
எலும்பு விட்டிருக்கா என்று கேட்கிறவர்களிடம்
டாக்டர் சொல்வார் என்று சொல்லியே
பதினோரு வருஷம் ஓட்டியவள் நான்.
ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
அவள் மட்டும் தாளைப் பார்த்தாள்.
யாரும் வாதாடவில்லை.
இந்த முறை யாராவது
வேல் என்று சத்தம் போட்டிருக்கலாம்.

"தெரியலம்மா" என்றேன்.
"இன்னொருக்கா தேய்ங்க."

தேய்த்தேன்.
அவளும் தேய்த்தாள்.
தாளைத் திருப்பி வைத்து, பலகையைக் கழுவி,
வெயிலில் காயவைத்து, ஈரத்தோடு,
சின்ன விரலால், வெறும் பென்சிலால்.
கோட்டைச்சாமி வேனைக் கிளப்பினார்,
பிறகு அவராகவே அணைத்துவிட்டார்.

ஒன்பதாம் தாளில் கரி தீர்ந்தது.

இருங்க என்று சொல்லிவிட்டு
வீட்டுக்கு ஓடினாள்.
அடுப்பைக் கிளறி
முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள்,
இரண்டு கட்டி.
கையில் வாங்கியபோது
ஒன்று இன்னும் சுட்டது.